ஆயிரம் அடி கேபிளும் டில்லிக் குழுவும்

எங்கள் வெள்ளகோவில் பக்கம் ஒருவர் தோட்டத்துப் போர்வெல்லின் ஆழத்தைக் கேட்டு அவருடைய வசதியைக் கணிக்க முடியாது. கடனை வேண்டுமானால் கணிக்கலாம். ஆயிரம் அடி என்றால் இப்போது யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்காலின் கடைமடை நாங்கள். மேலே திறந்துவிடும் தண்ணீருக்கு எங்கள் எல்லையை எட்டுவதற்குள் எத்தனையோ சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். வட்டமலைக்கரை ஓடையில் அணை கட்டியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் நின்றால் ஜனங்கள் வண்டி கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், அவ்வளவு அபூர்வம். ஆக முருங்கைக்கும் தென்னைக்கும் உயிர் கொடுப்பது பூமிக்குள் தொங்கும் ஒரு தட்டைக் கேபிள். மூன்று கோர், உள்ளே காப்பர், வெளியே பிவிசி. அதன் மறுமுனையில் ஒரு நீர்மூழ்கி மோட்டார்.

முத்தூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் அரைக்கால் சட்டையோடு போய்ச் சேர்ந்த தொழில். எரிந்த மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கரண்டைத் திட்டுவார்கள், அடுத்து மோட்டார் கம்பெனியை, கடைசியில் என்னை. ஒயருக்குப் பின்னால் எழுதிவைத்த விதி ஒன்று இருக்கிறது, அதை எழுத ஒரு குழு உட்கார்ந்தது, அந்தக் குழுவில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தன் மோட்டார் ஓடுகிறது அல்லது எரிகிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் கவலை ஏற்றம் ஓடியது. காங்கயம் காளை ஒரு ஜோடி, தோல் சால், வடம், வால்கயிறு. வடத்தின் வேலையைப் பிற்பாடு கேபிள் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம், ஒரு வித்தியாசத்தோடு: வடம் நைந்தால் ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியும், கையில் உருவிப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். கேபிளுக்குள் இருக்கும் செம்பு நல்லதா கெட்டதா என்பதைக் கண்ணும் கையும் சொல்லாது. எழுத்தில் ஒரு விதி தேவைப்பட்டதே அதனால்தான்.

1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்ததும் கோவையின் தலையெழுத்து மாறியது. மலையிலிருந்து இறங்கிய மின்சாரத்தில் நூற்பு மில்கள் பெருகின. மில் பெருகினால் மில்லுக்கு மோட்டார் வேண்டும். கம்பி போன கிராமங்களில் கிணற்றுக்கும் மோட்டார் வேண்டும். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மோட்டாரை 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே செய்து காட்டினார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் பீளமேட்டிலும் கணபதியிலும் வார்ப்படப் பட்டறையும் லேத்துமாக மோட்டார் பம்ப் தொழில் பரவியது. எங்கள் தோட்டத்துக்குக் கம்பி இழுத்தது அறுபதுகளில். கவலை வாரி மேடாக அப்படியே கிடக்க, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு வெட்டி மோனோபிளாக்கை உட்கார வைத்தார்கள்.

அந்தக் காலத்து ஒயரை நான் பழைய வீடுகளில் கழற்றியிருக்கிறேன். தேக்குச் சட்டம் அடித்து, அதன் மேல் தகரக் கிளிப்பில் ஓடும் ரப்பர் ஒயர். ரப்பருக்கு மேல் பருத்தி நூல் பின்னல், அதன் மேல் மெழுகு. தொட்டால் பொடியாக உதிரும். சீமைச் சரக்கில் சி.எம்.ஏ. என்ற முத்திரைக்கு மவுசு. 1899-ல் லண்டனில் கேபிள் முதலாளிகள் கூடி அமைத்த சங்கத்தின் முத்திரை அது. நம் நாட்டில் 1920-ல் ஜாம்ஷெட்பூரில் இந்தியன் கேபிள் கம்பெனி வந்தது. எது வந்தாலும் கணக்கு மட்டும் இங்கிலாந்துக் கணக்கு: 3/20, 7/20, 7/18. மேலே இழைகளின் எண்ணிக்கை, கீழே கம்பியின் கேஜ். 1884 முதல் இங்கிலாந்தில் சட்டப்படி நடைமுறைக்கு வந்த கேஜ் அது. 20 கேஜ் என்றால் 0.914 மில்லிமீட்டர் விட்டம். ஏழு இழை சேர்ந்தால் 4.6 சதுர மில்லிமீட்டர். நம் நாடு மீட்டருக்கு மாறி அறுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் என் கடைக்கு வரும் வயசான எலக்ட்ரீஷியன் “செவன் டொன்ட்டி ஒரு கட்டு குடுங்க” என்றுதான் கேட்பார். கட்டும் 90 மீட்டர்தான், பழைய 100 கஜத்தின் வாரிசு.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய்வர வேண்டும். 1906-ல் லண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்று ஒன்று தொடங்கினார்கள். முதல் தலைவர் கெல்வின் பிரபு. அது செய்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று, செம்பு என்றால் எது என்று முடிவு கட்டியது. அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் செம்புதான் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வடித்த பரிசுத்தமான செம்பை அளவுகோலாக வைக்காமல், சந்தையில் விற்றுக்கொண்டிருந்த செம்பை வாங்கி அளந்தார்கள். 1913-ல் ஒத்துக்கொண்ட எண்: ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பருமன், 20 டிகிரி வெப்பத்தில் 1/58 ஓம். நூறு வருஷம் தாண்டியும் கேபிள்காரன் கணக்கு அந்த 58-லிருந்துதான் புறப்படுகிறது. தொழிற்சாலையால் எட்ட முடிந்த அளவை வைத்து எழுதியதால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம். எட்ட முடியாத ஒன்றை எழுதியிருந்தால் எல்லோரும் அதை வணங்கிவிட்டுப் பழையபடியே வியாபாரம் செய்திருப்பார்கள்.

இந்தியத் தர நிர்ணய நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பே பிறந்துவிட்டது. அது போட்ட முதல் தரநிலை தேசியக் கொடிக்கு. துணியின் இழையும் நிறமும் முதலில் வந்தன, நம்மைப் போன்ற நெசவு ஊர்க்காரர்களுக்குப் பிடித்தமான வரிசை. பிவிசி ஒயருக்கு வந்த தரநிலையின் எண் 694. கடையில் ஒயர்க் கட்டின் அட்டையிலும் ஒயரின் மேலேயும் இந்த எண்ணைப் பார்க்கலாம். அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் செம்பு கிடைக்காமல் போய், வீட்டு ஒயர் அலுமினியத்துக்கு மாறியது. மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை 1965-ல் வந்தது. அலுமினியம் திருகுக்கு அடியில் நாள்பட நசுங்கி இளகும், இளகினால் சூடாகும், சூடானால் சுவிட்ச் பெட்டி கருகும். அந்தத் தலைமுறை ஒயரிங்கை மாற்றியே எங்கள் மேஸ்திரி ஒரு வீடு கட்டிவிட்டார்.

இனி நீர்மூழ்கி. கிணறுகள் வற்றி, கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டிலும் கீழேயும் துளை போட்டு, அதுவும் வற்றிப் போர்வெல் வந்தபோது முதலில் கம்ப்ரசர் வைத்தோம். காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுவது. சத்தம் ஊருக்கே கேட்கும், தண்ணீர் வாய்க்காலை நனைக்கும் அளவுக்கு வரும். நீர்மூழ்கி வந்ததும்தான் ஆழம் ஒரு பொருட்டில்லாமல் போனது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் பக்கம் பரவியது, உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் மோட்டார். மின்சாரம் ஓடும் சுற்று நேராகத் தண்ணீரிலேயே கிடக்கும். அமெரிக்காவில் பரவலான மாதிரியில் சுற்றை எஃகு உறைக்குள் அடைத்து ரெசின் ஊற்றி மூடிவிடுவார்கள். கெட்டுப்போனால் மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான். இங்கே அது கட்டுப்படியாகுமா? எரிந்ததைப் பிரித்து, புதுக் காயில் கட்டி, சாயங்காலத்துக்குள் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் தென்னை வாடும்.

தண்ணீருக்குள் கிடக்கும் சுற்றுக்கு எனாமல் ஒயர் ஆகாது. அதில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் போச்சு. முதலில் பிவிசி பூசிய ஒயர் போட்டார்கள். பருமன் அதிகம், ஸ்லாட்டில் செம்புக்கு இடம் குறையும், சூட்டில் இளகும். பிறகு வந்ததை நாங்கள் பாலி ஒயர் என்போம். செம்பின் மேல் மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, அதற்கு மேல் பாலிப்ரொப்பிலீன் படலத்தைச் சுற்றிச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். விரல் நகத்தால் கீறினால் நாடா நாடாவாகப் பிரியும்.

இதைக் கட்டும் விதம் வேறு. சாதாரண மோட்டாரில் காயிலை அச்சில் சுற்றி எடுத்து ஸ்லாட்டுக்குள் இறக்கிவிடலாம். நீர்மூழ்கி ஸ்டேட்டர் முழங்கை நீளத்துக்கு மேல் போகும், குறுகலான குழாய். ஒவ்வொரு சுற்றாகக் கோர்த்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் தள்ளுவார், அந்தப் பக்கம் ஒருவர் வாங்கி இழுத்துத் திரும்பக் கொடுப்பார். ஸ்லாட்டின் வாயில் லேமினேஷன் தகட்டின் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒயரின் தோலைச் சீவிவிடும். கட்டி முடித்ததும் ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, ஊறவிட்டு, மெக்கர் போட்டு மின்காப்பைப் பார்ப்போம். முள் ஒழுங்காக ஏறினால் பையன்கள் டீ குடிக்கப் போவார்கள். ஏறாவிட்டால் எந்தச் சுற்றில் தோல் உரிந்தது என்று தேடுவதைவிட முழுவதையும் வெட்டி எடுப்பது மேல்.

இந்த ஒயருக்குச் சீமையில் விதி எதுவும் ஆயத்தமாக இல்லை, எடுத்து ஒட்டிக்கொள்ள. எனாமல் ஒயருக்கு உலகப் பொதுவான தரநிலை உண்டு. தண்ணீருக்குள் கிடக்கும் நாடா சுற்றிய ஒயர் நம் தோட்டங்களின் தேவையிலிருந்து வளர்ந்தது. நீர்மூழ்கி மோட்டார்ச் சுற்றுக் கம்பிக்கென்று 8783 என்ற எண்ணில் இந்தியத் தரநிலை 1978-ல் வந்தது. பிறகு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து விரித்து எழுதினார்கள்; பாலியெஸ்டர் - பாலிப்ரொப்பிலீன் ஒயருக்குத் தனிப்பிரிவு 1995-ல். ஒயரைத் தண்ணீரில் ஊறவைத்து அந்த நிலையிலேயே மின்காப்பைச் சோதிக்கச் சொல்கிறது அந்த விதி. நாங்கள் தொட்டியில் செய்துகொண்டிருந்ததைத்தான். ஒயர் செய்கிறவரும் மோட்டார் செய்கிறவரும் குழுவில் இல்லாமல் இப்படி ஒரு விதி எழுதியிருக்க முடியுமா? மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு ஸ்லாட்டின் பிசிறு தெரியவா போகிறது?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விதி. சாதாரணத் தொழிற்சாலை மோட்டாருக்கான தரநிலை, மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவிலிருந்து ஆறு சதவீதம் கூடலாம், ஆறு சதவீதம் குறையலாம் என்றது. 415 வோல்ட்டில் ஆறு சதவீதம் குறைந்தால் 390. எங்கள் பக்கம் தோட்டத்து ஸ்டார்ட்டரில் 390 காட்டினால் அன்று ஏதோ விசேஷம் என்று அர்த்தம். லைனின் கடைசியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து மைல் கணக்கில் ஓடும் அலுமினியக் கம்பி, மும்முனை மின்சாரம் விட்டதும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டும் அத்தனை தோட்டம். 350-க்கு இறங்குவது சாதாரணம். நீர்மூழ்கி மோட்டாருக்கான 9283-ஆம் எண் தரநிலை இந்த நிலவரத்தை ஒத்துக்கொண்டது. மேலே ஆறு சதவீதம் அப்படியே. கீழே பதினைந்து சதவீதம். கணக்குப் போட்டால் 350 முதல் 440 வரை. கோவை மோட்டார்களின் பெயர்ப் பலகையிலும் விளம்பரத்திலும் இந்த எண்களைப் பார்க்கலாம். இன்னும் கீழே இறங்கியும் ஓடும் என்று சிலர் போட்டுக்கொள்வதும் உண்டு. மின்சாரத்தைச் சரிசெய்ய முடியாத நாடு மோட்டாரைச் சரிசெய்துகொண்டது என்று கேலி பேசலாம். எனக்கு அது கேலியாகப் படவில்லை. வயலில் நிஜமாக வருகிற மின்சாரத்தைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

மோட்டாரை 350-க்குத் தயார் செய்தாலும் நடுவில் கேபிள் நிற்கிறது. ஏழரை குதிரைசக்தி மோட்டார், சுமார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர்; 4 சதுர மில்லிமீட்டர். இழைப்பட்ட நெகிழ்கம்பிக்குத் தரநிலை அனுமதிக்கும் உச்ச மின்தடை கிலோமீட்டருக்கு 4.95 ஓம். இப்படிப் பார்த்தால் கேபிளிலேயே 39 வோல்ட் போய்விடும். ஸ்டார்ட்டரில் 360 இருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 321. இப்போது அந்தக் கேபிளில் 4 என்று அச்சடித்து, உள்ளே இருப்பது 2.5-க்கு உரிய செம்பு என்றால் 63 வோல்ட் போகும். மோட்டார் 297-ல் முக்கும். முக்கும் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், அது கேபிளில் இன்னும் வோல்ட்டைத் தின்னும். இரண்டு நாளில் என் கடைக்கு வரும். சரியான கேபிளிலேயே ஏறக்குறைய ஒரு கிலோவாட் சூடாகிப் பூமிக்குள் போகிறது. பத்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். 1970-ல் யூனிட்டுக்கு 8 பைசாவை 10 பைசாவாக ஏற்றியதற்குப் போராடிப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்ட மண் இது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமான பிறகு அந்தப் பத்து யூனிட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இலவசத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பாதித் தோட்டம் கருவேலங்காடு. ஆனால் விலை இல்லாத பொருளின் சேதாரத்தைக் கணக்குப் பார்க்கும் கண் மூடிக்கொள்ளும்.

கவனித்தால், கேபிள் தரநிலையின் அடிநாதம் செம்பின் பருமன் அல்ல, மின்தடை. 4 சதுர மில்லிமீட்டர் என்பது வெறும் பெயர். எத்தனை ஓம் என்பதுதான் பரீட்சை. இது உலக அளவில் உற்பத்தியாளர்கள் உட்கார்ந்து முடிவு செய்த சாமர்த்தியம். இழையின் விட்டத்தை அளக்கும் விதியாக இருந்தால் மட்டமான செம்பைப் பருமனாக இழுத்து ஏமாற்றலாம். ஓமை ஏமாற்ற முடியாது. தொழிலில் இருக்கும் ஏமாற்று வேலை தெரிந்தவர்தான் ஏமாற்ற முடியாத விதியை எழுத முடியும்.

தரநிலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குழுவின் பட்டியல் அச்சாகியிருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான். கேபிள் குழு என்றால் பம்பாய், கல்கத்தா, டில்லி முகவரிகள் வரிசையாக வரும்: பெரிய கேபிள் கம்பெனிகள், ரயில்வே, மத்திய மின்சார ஆணையம், சோதனைக்கூடங்கள். பம்ப் குழுவின் பட்டியலில் கோயம்புத்தூர் என்ற பெயர் வரும். 1952-ல் கோவையில் தொடங்கிய தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கம், அதுதான் சீமா. அது எண்பதுகளில் முன்னின்று உருவாக்கிய சிட்டார்க் சோதனை மையம். சிறு பட்டறைக்காரர் ஒருவரால் தனியாக டில்லிக்கு ரயில் ஏறிக் கூட்டத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் சோதனை முடிவு இல்லாமல் வெறும் வாயால் பேசினால் எடுபடாது. பேச ஒரு சங்கமும், பேச்சுக்கு ஆதாரம் கொடுக்க ஒரு சோதனைக்கூடமும் இருந்ததால் கோவையின் குரல் அங்கே கேட்டது. 1987-ல் ஐ.எஸ்.ஐ. இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய காலத்துத் தரநிலைகளின் பின்னட்டையில் கிளை அலுவலகங்களின் பட்டியல் இருக்கும். புவனேஸ்வரத்துக்கு அடுத்து கோயம்புத்தூர். பட்டறை ஊர் ஒன்று மாநிலத் தலைநகரங்களோடு சேர்ந்து நின்றதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம்.

தொழில்காரர் எழுதும் விதி தொழில்காரருக்குத்தானே சாதகமாக இருக்கும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. சி.எம்.ஏ. முத்திரை பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தச் சங்கம் தரத்தைக் காத்தது உண்மை. கூடவே தங்களுக்குள் விலையையும் பேசி வைத்துக்கொண்டது. பிரிட்டனின் ஏகபோக ஆணையம் 1952-ல் ஒயர், கேபிள் வியாபாரத்தைப் பற்றி ஓர் அறிக்கையே போட வேண்டியிருந்தது. ஆகவே முதலாளிகள் மட்டும் உட்கார்ந்தால் விதி ஒரு பக்கம் சாயும். இங்கே ரயில்வேயும் மின்வாரியங்களும் சோதனைக்கூடங்களும் எதிரில் உட்காருகின்றன, அது ஒரு கடிவாளம். ஆனால் வாங்குகிறவர்களில் பெரிய கைகள்தான் இவை. ஆயிரம் அடி கேபிளைக் கடன் வாங்கி வாங்கும் விவசாயிக்கு அங்கே நாற்காலி கிடையாது. அந்தக் கேபிள் எப்படிச் செத்தது என்று அறுத்துப் பார்க்கும் எங்களுக்கும் கிடையாது.

இதனால் விட்டுப்போகும் சங்கதிகள் உண்டு. நீர்மூழ்கி பம்ப் தரநிலை, பம்ப் இறைக்கும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறது. குளோரைடு 500 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது, மொத்தத் திடப்பொருள் 3000-க்கு மேல் கூடாது, வெப்பம் 33 டிகிரிக்கு மேல் கூடாது. படித்துவிட்டுச் சிரித்தேன். வடக்கே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கு என்று கட்டியதில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து வந்த மோட்டார்களில் போல்ட் தின்றுபோயிருக்கும், கேபிள் ஜாயிண்டை அறுத்தால் உள்ளே செம்பு இழைகளின் மேல் பச்சைக் களிம்பு ஒரு முழம் தூரத்துக்கு ஏறியிருக்கும். ரப்பர் டேப்பின் ஒரு மடிப்பு விலகியிருந்தது போதும், தண்ணீர் இழைகளின் இடுக்கில் மேலேறிவிடும். தரநிலைப்படி அது ‘தெளிந்த குளிர்ந்த நீர்’ அல்ல. ஆகவே மோட்டார் மேலும் தப்பில்லை, விதி மேலும் தப்பில்லை. இதைச் சொன்னபோது முத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர், “ஏனுங்க தம்பி, அப்ப தண்ணி மேலதான் கேசு போடோணுமுங்களா?” என்றார்.

கோவை ஒயர்க்காரர்கள் சிலர் அந்த நாட்களில் எங்கள் மாதிரிக் கடைகளைச் சுற்றி வருவார்கள். எரிந்த காயில், வெடித்த ஒயர்த் துண்டு, எதைக் கொடுத்தாலும் பேப்பரில் சுற்றி, எந்த ஊர், எத்தனை அடி, என்ன வோல்ட் என்று எழுதி எடுத்துப் போவார்கள். எங்கள் கடைக் காயிலைப் பார்த்து டில்லியில் விதியை மாற்றினார்கள் என்று கதை விட மாட்டேன். ஆனால் பட்டறையிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து குழு என்று செய்தி மேலேறும் வழி இதுதான். ஒரு படி அறுந்தாலும் மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. விற்பனைப் பையன்கள் வந்து டார்கெட் மட்டும் பேசிவிட்டுப் போகும் இப்போதைய காலத்தில் அந்தப் படி அறுந்துகொண்டிருக்கிறது என்பது என் வருத்தம்.

வரைவுத் தரநிலையை யார் வேண்டுமானாலும் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். பொதுவாக இரண்டு மாதம் அவகாசம். படிவத்தில் எந்தப் பிரிவு, என்ன ஆட்சேபம், என்ன மாற்றம் வேண்டும், என்ன நியாயம் என்று கட்டம் போட்டிருப்பார்கள். நியாயக் கட்டத்தில்தான் நாங்கள் தடுமாறுவோம். அனுபவம் இருக்கிறது, எண் இல்லை. எண் இருந்தாலும் இங்கிலீஷில் எழுதத் தெரிய வேண்டும். காயில் கட்டுகிறவர்களும் ஒரு சங்கம் வைத்து, வருஷத்தில் வந்த எரிந்த மோட்டார்களுக்கு ஒரு நோட்டுப் போட்டால், அந்தக் கட்டத்தை நிரப்ப அதைவிடப் பெரிய ஆதாரம் நாட்டிலேயே இருக்காது. சொல்லிப் பார்க்கிறேன். தீபாவளிச் சீட்டுக்குக் கூடுகிறவர்கள் இதற்குக் கூட மாட்டேன் என்கிறார்கள்.

2003-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டு, ஒயரையும் கேபிளையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது என்றது. அதற்கு முன்பு கடையில் “மார்க் போட்டதுங்களா, போடாததுங்களா?” என்று கேட்டு இரண்டு விலை சொல்வது சகஜம். ஆணைக்குப் பிறகு எல்லாவற்றிலும் முத்திரை வந்துவிட்டது. முத்திரை வந்ததும் சந்தேகம் போய்விடவில்லை என்பதால் நான் ஓம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தரநிலைகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பட்டறைப் பையன் போனிலேயே அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்வான். கட்டின் இரண்டு முனையிலும் கிளிப்பைப் போட்டு, நீளத்துக்குக் கணக்குப் பண்ணி, 4.95-க்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம்.

போன மாசம் புதிதாக ஒரு கேபிள் விற்பனையாளர் வந்தார். விலை நல்ல விலை. கட்டை இறக்கி வைத்தார், பையன் மீட்டரை எடுத்து வந்தான். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணா, நீங்க ஓம்ஸ் பாக்குற ஆளுங்களா? முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க. இருங்க, வண்டியில வேற கட்டு இருக்குது, எடுத்துட்டு வர்றேன்.”